பேரீச்சம்பழம் தர முடியாத பண்டம்

2024 ஆகஸ்ட் 17 அன்று ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் ஒரு தங்கும் விடுதி வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டியது. 706.50 கோடி ரூபாய் செலவு. 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 10 மாடி, ஒவ்வொரு கட்டடத்திலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பார்த்தால் 18,720 பெண்கள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே மதிற்சுவருக்குள் தூங்கி எழுகிறது.

தமிழ்நாட்டில் ஸ்மோக் டிடெக்டர் உள்ள வீட்டைத் தேடினால் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படுக்கையறைக் கூரையில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை வட்டு, கடுகு தாளித்துச் சாம்பிராணி போடும் நம் வீடுகளுக்குள் நுழையவே இல்லை. நுழைந்திருந்தாலும் முதல் வெள்ளிக்கிழமையே கழற்றி எறிந்திருப்பார்கள். அது வந்தது தொழிற்சாலை வழியாக. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் இந்தத் தடத்தில் ஆலைகள், கிடங்குகள், ஊழியர் விடுதிகள், அவற்றைப் பார்த்து எழுந்த அடுக்குமாடிகள் என்று கூரைகள் பெருகப் பெருக டிடெக்டர்களும் பெருகின. சுமார் பத்து ஆண்டுகள்தான் அதன் ஆயுள் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அதன் பிறகு தூசி படிந்து, நேரங்கெட்ட நேரத்தில் அலறத் தொடங்கும்; அல்லது அலற வேண்டிய நேரத்தில் வாய் திறக்காது.

கழற்றுவது எளிது. பேஸைப் பிடித்துக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினால் தலைப்பகுதி கையோடு வந்துவிடும். வந்ததை எங்கே போடுவது என்ற கேள்விக்குத்தான் இந்தப் பகுதியின் முப்பதாண்டு வரலாறு நேரான பதில் வைத்திருக்கவில்லை.

ஆலைகளுக்கு முந்தைய காலத்தில் குப்பை என்பது இங்கே பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஏரிப்பாசன நெல், கொஞ்சம் கடலை, மாடுகள். ஓட்டை அண்டாவுக்கும் உடைந்த கலப்பைக் கொழுவுக்கும் வீடு தேடி ஆள் வந்தார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த சைக்கிள்காரரை ஐம்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிளில் போனது காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து தரம் பிரிந்து சென்னைப் பக்கம் போகும். மோட்டார் வண்டி என்றால் சென்னைப் புதுப்பேட்டை. அந்த ஏற்பாட்டில் சட்டம் எதுவும் கிடையாது, ஆனால் ஒரு விதி இருந்தது: எடை போட்டு விலை சொல்ல முடிகிற எதுவும் தெருவில் கிடக்காது. விலை சொல்ல முடியாததுதான் குப்பை.

பிறகு வந்த ஆலைகளும் இந்த விதியை மாற்றவில்லை. அதன் அளவை மட்டும் மாற்றின.

1996-இல் ஹூண்டாய் இந்தியாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி, 1998-இல் சான்ட்ரோவை வெளியே ஓட்டியது. அதன் பின்னால் உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி வார்த்தது. 2006-இல் நோக்கியா, அதையொட்டி ஃபாக்ஸ்கான், ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ், சால்காம்ப். 2007-இல் டெல்லும் சாம்சங்கும். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அதன்பின் டைம்லரின் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு. ஒவ்வோர் ஆலையின் பின்வாசலிலும் தகட்டு வெட்டுத் துண்டு, அட்டைப்பெட்டி, மரப்பேலட், செம்புக் கம்பி என்று தினமும் லாரி லாரியாக ஏதோ ஒன்று வெளியேறியது. இதற்கு இந்தப் பக்கத்தில் ஸ்கிராப் என்று பெயர். டெண்டர் எடுப்பதற்குப் போட்டி. நிலம் விற்ற காசு கரைந்துபோன கிராமங்களில் ஸ்கிராப் ஒப்பந்தம் என்பது புது மிராசு.

மிராசு என்றால் அடிதடியும் உண்டு. கழிவு எடுக்கும் உரிமைக்காக மிரட்டல், வெட்டு, கொலை என்று செய்திகள் வந்தபடி இருந்தன. ஆலை அதிகாரிகளை மிரட்டும் ரவுடிகளை ஒடுக்க 2021 இறுதியில் காவல்துறை இந்த வட்டாரத்துக்கென்று தனி அதிகாரியை நியமிக்கும் அளவுக்கு நிலைமை போனது. உலகத்தரம் என்று பேசப்பட்ட ஆலைகளின் முன்வாசலில் முதலீட்டு ஒப்பந்தமும் பின்வாசலில் அரிவாளும் ஒரே காலத்தில் இருந்தன என்பதை இந்தத் தடத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சண்டையே ஓர் அளவுகோல்தான். எதற்கு ஆள் வெட்டுப்பட்டாரோ அந்தக் கழிவுக்குப் போக ஒரு வழி இருந்தது. டிடெக்டருக்காக யாரும் சண்டை போட்டதாகக் கேள்வியில்லை.

சட்டம் மெதுவாக வந்தது. அபாயகரக் கழிவுகளுக்கான விதிகள் 1989-இலேயே இருந்தன. அவை ஆலையிலிருந்து வெளிவரும் சேற்றையும் அமிலத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. பழைய கணினிக்கும் செல்போனுக்கும் அதில் சரியான இடம் இல்லை. சென்னையில் மின்னணுக் கழிவு எப்படிக் கைமாறுகிறது என்று டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2004-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் இ-பரிசரா என்ற முறையான மறுசுழற்சிக் கூடம் தொடங்கியது. தமிழ்நாடு 2010-இல் தனக்கென ஒரு மின்கழிவுக் கொள்கையை வெளியிட்டது. நாடு முழுவதற்குமான மின்கழிவு விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் நோக்கியா இங்கே ஆறு ஆண்டுகளாகக் கோடிக்கணக்கில் போன் தயாரித்துவிட்டிருந்தது.

நோக்கியாவின் முடிவும் இந்தக் கதைக்குள் வரும். வரிப் பிரச்சினையில் 2013-இல் வருமான வரித்துறை அதன் சொத்துகளை முடக்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வணிகம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேராமல் தனியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஃபாக்ஸ்கானின் இங்குள்ள ஆலையும் அடுத்த சில மாதங்களுக்குள் படுத்தது. நோக்கியா கட்டடத்தை 2019 இறுதியில் சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக அறிவிக்கும் வரை ஐந்து ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. இயந்திரங்களுக்கு மதிப்புண்டு, அவற்றுக்காக வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். பூட்டிய ஆலையின் கூரையில் தொங்கும் டிடெக்டர்களை எந்தச் சொத்துப் பட்டியலில், எந்தப் பெயரில் எழுதுவது? வாங்கியவரும் இல்லை, பராமரித்தவரும் இல்லை என்றாகும்போதுதான் இத்தகைய பொருள்கள் அநாதையாகின்றன. அநாதைக் கதிர்மூலம் என்று அணுத்துறையில் சொல்வதே இதைத்தான்.

கதிர்மூலம் என்ற பேச்சு இங்கே ஏன் வருகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1930-களின் கடைசியில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ய முயன்றுகொண்டிருந்தார். கருவி வாயுவைக் கண்டுகொள்ளவில்லை. சலித்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மீட்டரின் முள் அசைந்தது. அவருடைய நாட்டவரான எர்ன்ஸ்ட் மைலி அதை 1940-களில் பயன்படக்கூடிய கருவியாக வளர்த்தார். முதலில் அதற்குள் ரேடியம் இருந்தது. பிறகு அமெரிசியம்-241 வந்தது. அமெரிக்க வேதியியலாளர் க்ளென் சீபோர்க்கின் குழு அணுகுண்டுத் திட்டக் காலத்தில் கண்டெடுத்த தனிமம் அது. 1945 நவம்பரில் ஒரு சிறுவர் வானொலி நிகழ்ச்சியில், புதிதாக ஏதாவது தனிமம் கண்டுபிடித்தீர்களா என்று ஒரு பையன் கேட்க, சீபோர்க் மறைக்காமல் சொல்லிவிட்டார். அறிவியல் மாநாட்டில் முறைப்படி அறிவிப்பதற்குச் சில நாள் முன்பே உலகம் அதைக் கேட்டுவிட்டது.

வேலை செய்யும் விதம் எளியது. துளைகள் உள்ள சிறு உலோகக் குப்பிக்குள் கடுகளவுப் பொட்டாக அமெரிசியம் பூசிய தகடு. அது விடாமல் ஆல்ஃபா துகள்களை வீசுகிறது. அவை காற்றை அயனியாக்க, இரண்டு தகடுகளுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. புகை நுழைந்தால் அயனிகள் புகைத்துகளில் ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் குறையும், மணி அடிக்கும். வீட்டு மாடலில் இருக்கும் அமெரிசியம் சுமார் ஒரு மைக்ரோகியூரி, எடையில் 0.3 மைக்ரோகிராம். ஒரு கிராம் இருந்தால் முப்பது லட்சம் டிடெக்டர்கள் செய்யலாம். பழைய தொழிற்சாலை மாடல்களில் இதைவிடப் பல மடங்கு இருந்ததுண்டு.

கூரையில் தொங்கும் வரை யாருக்கும் கேடில்லை. ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், சில சென்டிமீட்டர் காற்றே தடுத்துவிடும். சிக்கல் அதைச் சுத்தியலால் உடைக்கும்போது, எரிக்கும்போது, அந்தத் தூசியை மூச்சில் இழுக்கும்போது. காயலான் கடையில் நடப்பதெல்லாம் சுத்தியலும் எரிப்பும்தான். அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டுகள். பத்தாண்டு கழித்துக் கழற்றப்படும் டிடெக்டரில் கதிர்வீச்சு 2 சதவீதம்கூடக் குறைந்திருக்காது. காலாவதியானது மின்சுற்று, உள்ளே இருக்கும் பொட்டு புதுசு போலவே இருக்கும்.

இப்போது புதிதாக மாட்டப்படுபவை பெரும்பாலும் ஒளி வகை: எல்இடி ஒளி புகையில் சிதறுவதைப் பார்த்து மணி அடிப்பவை. அவற்றில் கதிர்வீச்சு எதுவும் கிடையாது, சாதாரண மின்கழிவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: வெள்ளை பிளாஸ்டிக், சிவப்பு விளக்கு. கழற்றித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அயனி வகையின் அடிப்புறத்தில் மூன்று இதழ்க் கதிர்வீச்சுச் சின்னமும், அமெரிசியம்-241 என்ற குறிப்பும், 37 கிலோபெக்கரல் போன்ற ஓர் எண்ணும் இருக்கும். அந்த ஒட்டுத்தாள் உதிர்ந்துபோயிருந்தால் சந்தேகத்தின் பலனைக் கதிர்வீச்சுக்கே கொடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மேற்கூரையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஒரு டிடெக்டரால் ஊர் அழியாது. அமெரிக்காவில் வீட்டு டிடெக்டரைச் சாதாரணக் குப்பையில் போடவே மத்திய விதிகள் அனுமதிக்கின்றன. திருப்பி வாங்கிக்கொள்ளும் தயாரிப்பாளர்களும் அங்கே உண்டு. அந்த ஊர்க் குப்பை மூடிய லாரியில் ஏறி நேரே நிலத்துக்கடியில் போகிறது. இங்கே ஒவ்வொரு குப்பைப் பையையும் யாரோ ஒருவர் கையால் பிரிக்கிறார். அந்தக் கைதான் வித்தியாசம்.

அந்தக் கை என்ன ஆகும் என்பதை 2010-இல் டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தை காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-இலிருந்து பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு அது வெறும் எடை. பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. எட்டுப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2008-இல், பிரான்ஸில் பொருத்தப்பட்ட மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது தெரியவந்தது; இந்தியாவில் உருக்கிய இரும்பிலிருந்து வந்தது. கோபால்ட்டையும் டிடெக்டரின் அமெரிசியத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஆபத்தின் அளவு வேறு வேறு. ஆனால் வழி ஒன்றுதான்: ஏலம், எடை, சுத்தியல், உலை.

மாயாபுரிக்குப் பின் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள புதிய மின்கழிவு விதிகள், பட்டியலை 21 பொருள்களிலிருந்து 106 ஆக நீட்டின. அந்தப் பட்டியலில் ஸ்மோக் டிடெக்டர் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. நல்லது என்று பெருமூச்சு விடுவதற்குள், அதே விதிகளின் தொடக்கத்தில் ஒரு விலக்கு: 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் கதிரியக்கக் கழிவுக்கு இவை பொருந்தாது. ஆக ஒளி வகை டிடெக்டர் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பிள்ளை, அயனி வகை அணுசக்தித் துறையின் பிள்ளை. ஒரே கூரையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குபவை. கழற்றியதும் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களைப் பார்த்து நடக்க வேண்டும்.

ஒளி வகைக்கும் வழி முழுசாகத் திறந்துவிடவில்லை. புதிய விதிகள் குப்பைக்கு ஒரு விலை உண்டாக்கப் பார்த்தன. பொருளைச் சந்தையில் விட்ட நிறுவனம், மறுசுழற்சி செய்பவரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் கணக்கிடப்படுவது மீட்டெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பை வைத்து. போன் போர்டில் தங்கம் இருக்கிறது. மோட்டாரில் செம்பு இருக்கிறது. டிடெக்டரில் இருப்பது பிளாஸ்டிக் ஓடும் கையகலச் சர்க்யூட்டும். பேரீச்சம்பழக்காரரின் தராசு டிஜிட்டலாகியிருக்கிறது, அவ்வளவே.

விலையைப் பார்க்காமல் அபாயத்தைப் பார்த்துப் பிரிப்பது எப்படி என்பதற்கும் இதே தடத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில், 2010-களின் தொடக்கத்தில், ஆயுள் முடிந்த வண்டிகளைப் பிரித்துக் காட்டும் கூடம் ஒன்றை அமைத்தார்கள். புதுப்பேட்டையில் வண்டி வந்ததும் எதற்கு நல்ல விலையோ அது முதலில் கழலும். இத்தகைய கூடத்தின் முறை தலைகீழ்: முதலில் பேட்டரி, எரிபொருள், எண்ணெய், ஏசி வாயு, காற்றுப்பை, அதற்குப் பிறகுதான் உதிரிபாகமும் இரும்பும். ஒரு பழைய கட்டடத்தை இடிக்கும் ஒப்பந்தக்காரர் இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் டிடெக்டர்கள் ஜேசிபி வருவதற்கு முன்பே எண்ணி இறக்கப்பட்டிருக்கும்.

அயனி வகைக்கான விதிமுறை ஒன்றும் புதிதல்ல. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைந்தது. கதிரியக்கக் கழிவை அகற்றுவதற்கான விதிகள் 1987-இல் வந்தன. கழற்றிய அயனி டிடெக்டரைப் பிரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, ஸ்கிராப்பில் சேர்க்கக் கூடாது. விற்ற நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற கதிரியக்கக் கழிவு மையத்துக்குப் போக வேண்டும். ஒரகடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் கல்பாக்கம் இருக்கிறது, அங்கே அணுக்கழிவு மேலாண்மைக் கூடமும் இருக்கிறது. ஆனால் கையில் ஒரு பையோடு போய் வாசலில் கொடுத்துவிட்டு வரும் இடமல்ல அது. தாள்கள் முன்னே போக வேண்டும். அதனால் நடைமுறையில் விற்றவர் வழிதான் வழி. விற்ற நிறுவனம் கடையை மூடியிருந்தால் வாரியத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். சென்னையில் அதன் தென்மண்டல மையம் இருக்கிறது.

இதையெல்லாம் செய்ய யாராவது பொறுப்பேற்க வேண்டும்; ஆனால் விடுதிகளுக்குப் பொறுப்பு என்ற சொல்லே தாமதமாகத்தான் வந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த தனியார் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளின் நிலை தெரியாத மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதுவரை ஊழியர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பது ஒப்பந்தக்காரரின் தலைவலி என்றே இருந்தது.  வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்திலும் பழைய கல்லூரிக் கட்டடத்திலும் எது கூரையில் இருக்கிறது என்று எந்தப் பதிவேடும் பேசாது. வல்லம் வடகாலைப் போல ஒரே உரிமையாளர், ஒரே வரைபடம், ஒரே பராமரிப்பு ஒப்பந்தம் என்று வரும்போது எண்ணிக்கை சாத்தியமாகிறது.

பராமரிப்பு ஒப்பந்தம் என்ற அந்தத் தாளில்தான் இன்றைக்கு ஏதாவது செய்ய இடமிருக்கிறது. தீ எச்சரிக்கை அமைப்புகளைப் பராமரிப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2189 சோதனையையும் பதிவேட்டையும் கேட்கிறது. எந்தத் தளத்தில், எந்த முகவரி எண்ணில், எந்த வகை என்ற விவரம் அங்கே ஏறியிருந்தால் மாற்றும் நாளில் தேட வேண்டியதில்லை. பழைய தலையை எடுத்துச் செல்வதும் புதியதை மாட்டும் நிறுவனத்தின் கடமை என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். யுபிஎஸ் பேட்டரிக்கும் ஏசிக்கும் பழசை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே ஏற்கெனவே உண்டு. ஒளி வகையில் பேட்டரி இருந்தால் அதைத் தனியே எடுக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கு 2022-இலிருந்து வேறு விதி. மீதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அயனி வகையை உடையாமல், ஒட்டுத்தாள் கிழியாமல், பெட்டியில் வைத்துப் பூட்டி, வரிசை எண்ணை எழுதி, விற்றவரிடம் ஒப்படைத்த கடிதத்தைக் கோப்பில் வைக்க வேண்டும். எடைச்சீட்டு மட்டும் கொடுத்துவிட்டு மூட்டையோடு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று வருகிறவரிடம் அந்தப் பெட்டியைக் கொடுக்கக் கூடாது, அவர் கிலோவுக்கு எவ்வளவு சொன்னாலும்.